நல்லவர் மறைந்தார், நமக்கு ஒரு கணக்கை விட்டுச் சென்றார்



2025-ம் ஆண்டு தை மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை 5.30 மணிக்கு நம் தொலைபேசி ஒலித்தது. அந்த நேரத்தில் நம்மை அழைப்பவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர், சரக்கு லாரி வந்துவிட்டது என்று சொல்லும் லாரி ஷெட்காரர். மற்றவர், மதுரைப் புறநகரில் மளிகைக்கடை வைத்திருந்த நம் தம்பி. "அண்ணாச்சி, உளுந்து என்ன விலை போகுது? ரெண்டு சிப்பம் எடுத்து வையுங்க" என்பார். அன்றும் அழைத்தது அவருடைய எண்தான். ஆனால் பேசியது அவர் மகள். "பெரியப்பா, அப்பா போயிட்டாங்க" என்று மட்டும் சொன்னது. மேற்கொண்டு அந்தப் பிள்ளைக்குப் பேச வரவில்லை.

கடையைத் திறக்கப் போனவர், ஷட்டரைப் பாதி தூக்கிய நிலையில் அப்படியே சரிந்திருக்கிறார். பால் வண்டிக்காரர் பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார். மருத்துவமனை வாசலை எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயது 52.

அவர் பெயரை நாம் இங்கே எழுதவில்லை. குடும்பத்தார் அதை விரும்பவில்லை. அதோடு, அவரைப் போன்ற கடைக்காரர் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இதைப் படிக்கும் உங்களில் பலர், "இது நம்மைப் பற்றியல்லவா எழுதியிருக்கிறது" என்று நினைக்கக்கூடும். நினைக்க வேண்டும் என்பதே நம் ஆசை.

இரங்கல் என்றால் படம் போட்டு, கறுப்புக் கட்டம் கட்டி, நான்கு வரி எழுதுவது வழக்கம். இவருக்கு நான்கு வரி போதாது. இவர் எப்படி வாழ்ந்தார் என்பதில் நமக்குப் பாடம் இருக்கிறது. இவர் போன பிறகு நடந்தவற்றில் அதைவிடப் பெரிய பாடம் இருக்கிறது.

கடைப் பையனாக வந்தவர்

1988-ல், தம் 15-வது வயதில், திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மஞ்சள் பையுடன் கீழமாசி வீதிக்கு வந்தவர் அவர். படிப்பு எட்டாம் வகுப்பு. நம் கடைக்கு நான்கு கடை தள்ளி வேலைக்குச் சேர்ந்தார். மூட்டை இறக்கினார், சாக்குத் தைத்தார், சரக்கு நிறுத்தார், பிறகு பில் போட்டார். 11 வருடம் அங்கே இருந்தார். முதலாளியிடம் சண்டை போடாமல், அவர் கையாலேயே குத்துவிளக்கு ஏற்றச் சொல்லி, 1999-ல் சொந்தக் கடை திறந்தார். பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம்.

முதல் சரக்கு நம்மிடம்தான் எடுத்தார். கையில் கொண்டு வந்தது 18,000 ரூபாய். எடுத்த சரக்கு 31,000 ரூபாய்க்கு. மீதி 13,000 ரூபாயை 40 நாளில் கொண்டு வந்து வைத்தார். அன்று தொடங்கி 25 ஆண்டுகளில், சொன்ன தேதி தாண்டியது என்பது அவரிடம் கிடையாது. தாண்டும் என்று தெரிந்தால் முதல் நாளே நேரில் வந்து, "நாளைக்கு முடியாது அண்ணாச்சி, சனிக்கிழமை தந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். செல்போன் வந்த பிறகும் அதை நேரில்தான் வந்து சொன்னார். "பாக்கி சொல்றதை மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்" என்பது அவர் கொள்கை.

காலை 5 மணிக்குத் திறக்கும் கடை இரவு 10.30-க்குத்தான் மூடும். புதன், சனி இரண்டு நாளும் டிவிஎஸ் 50-ல் மார்க்கெட்டுக்கு வந்து சரக்குப் போட்டுவிட்டு, 10 மணிக்குள் கடைக்குத் திரும்பிவிடுவார். ஆண்டில் அவர் கடை மூடியிருப்பது இரண்டே சமயம். ஒன்று, மே 5 வணிகர் தினம். மற்றொன்று, ஊரில் குலதெய்வக் கோயில் கொடை. பொங்கலன்றுகூடப் பாதி ஷட்டர் திறந்திருக்கும். கேட்டால், "யாராவது ஏலக்காய் மறந்திருப்பாங்க அண்ணாச்சி" என்பார்.

அவர் கை எடை நம் வட்டாரத்தில் பிரசித்தம். எலெக்ட்ரானிக் தராசில் 500 கிராம் என்று எண் விழுந்த பிறகும் நாலு பருப்பு சேர்த்துப் போடுவார். "மெஷின்தான் சரியாச் சொல்லுதே, பிறகு எதுக்கு?" என்று ஒருமுறை கேட்டோம். "வீட்ல போயி அந்தம்மா டம்ளர்ல அளந்து பாப்பாங்கள்ல, அந்தக் கணக்கும் சரியா இருக்கணும்" என்றார்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்த பின், சில்லறை இல்லாமல் ஊரே தவித்தது. "நோட்டுல எழுதிக்கிறேன், சாமானைக் கொண்டு போங்க" என்று சொன்ன கடைக்காரர்களில் அவரும் ஒருவர். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, சரக்கு வராமல் விலை ஏறியபோது, பழைய சரக்கைப் பழைய விலைக்கே விற்றுத் தீர்த்தார். 2023-ல் சீரகம் யாரும் காணாத விலைக்குப் போனது நினைவிருக்கும். அந்தச் சமயத்தில் நம் கிட்டங்கிப் பையன்கள் அவர் வண்டியில் தவறுதலாக ஒரு மூட்டைச் சீரகம் கூடுதலாக ஏற்றிவிட்டார்கள். நமக்கே தெரியாது. மறுநாள் காலை அதைத் திருப்பிக் கொண்டு வந்து இறக்கினார். வண்டி வாடகைகூடக் கேட்கவில்லை.

வீட்டில் அவர் எப்படி என்று சொல்ல ஒன்று போதும். மாமியார் நான்கு வருடம் படுத்த படுக்கையாக இருந்தார். காலையில் அந்த அம்மாவைத் தூக்கி உட்கார வைத்து, காப்பி கொடுத்துவிட்டுத்தான் கடைச் சாவியை எடுப்பார். மகள் இப்போது பி.காம். இரண்டாம் ஆண்டு. மகன் பதினொன்றாம் வகுப்பு. மகள் பத்தாம் வகுப்பில் தேறியபோது நம் கிட்டங்கியில் மூட்டை தூக்குபவர் வரை எல்லோருக்கும் அல்வா கொடுத்தார். "என் வீட்டுல எட்டைத் தாண்டுன முதல் ஆளு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பார்த்தும் பாராமல் விட்டோம்

இதுவரை எழுதியது எளிது. இனி எழுதுவது நமக்கே வலிப்பது.

அவர் இறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை வழக்கம்போல் வந்தார். படியேறி வந்தவர், பில் சொல்லாமல் பருப்பு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். தை மாதக் குளிரில் சட்டை நனைந்திருந்தது. இடது தோளைத் தேய்த்துக்கொண்டே, "வாயு பிடிச்சிருக்கு அண்ணாச்சி, ரெண்டு நாளா இப்படித்தான் வந்து வந்து போகுது" என்றார். நாம் சோடா வாங்கிவரச் சொன்னோம். பூண்டு சாப்பிடச் சொன்னோம். கால் மணி நேரத்தில் எழுந்து, பட்டியலைச் சொல்லி, சரக்கை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

கைப்பிடித் துவரையை எடுத்துப் பார்த்தே வண்டு விழுந்த சரக்கா இல்லையா என்று சொல்லிவிடுவோம் நாம். எதிரில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு வந்திருந்தது நமக்குத் தெரியவில்லை. வியர்வை, தோள் வலி, படியேறினால் மூச்சு வாங்குவது இவையெல்லாம் நெஞ்சு வலியின் அறிகுறிகள் என்று இன்று பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அன்று அவரை ஆட்டோவில் ஏற்றி ஓர் இ.சி.ஜி. எடுக்க அனுப்பியிருக்கலாம். நமக்கு அரைமணி நேர வேலை. செய்யவில்லை. சனிக்கிழமை, கூட்டம் அதிகம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். வியாழன் காலை அந்தத் துக்கச் செய்தி வந்தது. துக்க வீட்டுக்குப் புறப்படும் வழியில் கடைக்குப் போனோம். மாலை வாங்கப் பணம் எடுக்கப் போனதாகத்தான் வீட்டில் சொன்னோம். ஆனால் நம் கை முதலில் எடுத்தது பேரேட்டை. அவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தோம். பாக்கி 1,12,400 ரூபாய். பார்த்த பிறகுதான் நமக்கு வெட்கம் வந்தது. 25 வருடப் பழக்கத்தை அந்த ஒரு நிமிடம் நிறுத்துக் காட்டிவிட்டது. இதை எழுதாமல் மற்றவர்களைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை என்பதால் எழுதுகிறோம்.

நோட்டு பேசவில்லை

ஐந்தாம் நாள் அந்த அம்மா நம்மை வரச் சொல்லி, கடையில் இருந்த மூன்று கடன் நோட்டுகளைக் கொடுத்தார். "இதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க அண்ணாச்சி" என்றார். பார்த்தோம். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. தொகை தெளிவாக இருந்தது. பெயர்தான் இல்லை. "பச்சை கேட்", "மாடி வீட்டு டீச்சர்", "சின்ன மீசை", "லோடு ஆட்டோ 2", "பழைய போஸ்ட்மேன் மருமகள்". அவருக்கு ஒவ்வொரு முகமும் தெரியும், ஒவ்வொரு வீடும் தெரியும். மற்றவர்களுக்கு அந்த நோட்டு ஊமை. கூட்டிப் பார்த்தால் வர வேண்டியது 1,86,000 ரூபாய்க்கு மேல்.

அவர் தர வேண்டியது எவ்வளவு? அதற்கு நோட்டே இல்லை. அது அவர் மனதில் இருந்தது. நம்மைச் சேர்த்து நான்கு மொத்தக் கடைகளில் அவருக்குப் பற்று வரவு உண்டு. மூன்று கடைகளில் பில் இருந்தது. நான்காமவர் 60,000 ரூபாய் என்று வாயால் சொன்னார். அதைக் கேட்டு வர அவர் தம் குமாஸ்தாவை அனுப்பியது மூன்றாம் நாள். பந்தல் பிரிக்கவில்லை, உறவினர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், குமாஸ்தா வாசலில் நிற்கிறார். யார் என்று எழுத மாட்டோம். பேரேட்டைப் புரட்டிவிட்டு மாலையோடு போன நமக்கும் அவருக்கும் தூரம் அதிகமில்லை.

அந்த அம்மா நம்மிடம் சொன்னது இது: "யாருக்கு எவ்வளவு தரணும்னு எங்கிட்ட அவங்க சொன்னதே இல்ல. ஆனா யாருக்கும் தராம இருந்ததில்ல. நீங்க நாலு பேரும் சேந்து சொல்றதுதான் கணக்கு." எதிரில் இருப்பவர் கணக்குக் கேட்டால் வாதாடலாம். நம்மையே நம்பி ஒப்படைத்துவிட்டால் என்ன செய்வது?

சங்க அலுவலகத்தில் நான்கு பேரும் உட்கார்ந்தோம். 60,000 என்றவரிடம் டெலிவரிச் சீட்டைக் கேட்டோம். அவர் கெட்டவர் இல்லை. தேடிப் பார்த்து, இடையில் வந்த இரண்டு வரவுகளைக் குறிக்காமல் விட்டதை அவரே ஒப்புக்கொண்டார். கடைசியில் அது 21,500 ரூபாய் என்று நின்றது. எழுத்தில் இல்லாத கணக்கு எந்தப் பக்கமும் சாயும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். எல்லோருடைய பாக்கியையும் 12 மாதத் தவணையாக்கினோம். நாம் நம் பாக்கியில் பாதியைத் தள்ளிவிடுவதாகச் சொன்னோம். அந்த அம்மா ஒப்பவில்லை. "அவங்க பேருக்கு நேரா தள்ளுபடின்னு எழுதிடாதீங்க அண்ணாச்சி" என்றார்.

வர வேண்டிய பாக்கிக்கு மகள் ஒரு வழி செய்தது. "அப்பா நோட்டில் உங்கள் கணக்கு இருந்தால் அன்புடன் சொல்லுங்கள்" என்று ஒரு தாளில் எழுதிக் கடை வாசலில் ஒட்டியது. ஒரு மாதத்தில் 1,04,000 ரூபாய் வந்தது. துணி தேய்க்கும் அம்மா ஒருவர் 340 ரூபாயோடு வந்தார். நோட்டில் அப்படி ஒரு கணக்கே இல்லை. "எழுத வேண்டாம்னு அண்ணன் சொன்னாரு. நான் சுவத்துல கரிக்கோடு போட்டு வச்சிருந்தேன்" என்றார். அதே சமயம், மாடி வீட்டுக்காரர்கள் சிலர் பேச்சே இல்லாமல் வேறு கடைக்கு மாறிவிட்டார்கள். அந்தத் தெரு வழியாக வருவதையே நிறுத்திவிட்டவர்களும் உண்டு. உலகம் இரண்டு விதமும்தான்.

இதற்கிடையே இன்னொரு சிக்கல். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அந்த அம்மா கடையைத் திறந்தார். கல்லாப்பெட்டி மேல் பழைய கியூஆர் அட்டை அப்படியே நின்றது. வாடிக்கையாளர்கள் செல்போனைக் காட்டிப் பணம் செலுத்திவிட்டுப் போனார்கள். பணம் போய்ச் சேர்ந்தது இறந்தவர் கணக்கில். நாமினி போட்டிருக்கவில்லை. வாரிசுச் சான்றிதழ் வரும்வரை அந்தப் பணத்தைத் தொட முடியவில்லை. மூன்று வாரத்தில் 23,000 ரூபாய் இப்படி முடங்கியது. சரக்குப் போட முதல் இல்லாமல் தவித்த நேரத்தில், தங்கள் கடையின் வியாபாரப் பணமே கைக்கு எட்டாமல் போனது.

அவர் மேல் குற்றம் சொல்லலாமா?

நண்பர்கள் சிலர், "கடன் கொடுத்ததுதான் தப்பு. ரொக்க வியாபாரம் பண்ணியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை" என்கிறார்கள். நாம் இதை ஒப்பவில்லை. பெரிய அங்காடிகளும், செல்போனில் சொன்னால் வீட்டுக்கே சாமான் கொண்டு வருபவர்களும் தராத ஒன்றை நம் தெருக் கடைக்காரர் தருகிறார். சம்பளம் வரும்வரை பொறுக்கிறார். ஆளைத் தெரிந்து கொடுக்கிறார். அது போய்விட்டால் நம்மிடம் என்ன மிச்சம்? கடன் கொடுத்தது தவறில்லை. எழுதிய விதம்தான் தவறு. அதிலும் அவரை மட்டும் சொல்ல முடியாது. நம்மில் எத்தனை பேர் வீட்டில் கணக்குச் சொல்கிறோம்? "பொம்பளைங்களுக்கு எதுக்குக் கடைக் கவலை" என்று அன்பினால்தான் மறைக்கிறோம். அந்த அன்பு கடைசியில் அவர்களைத்தான் நடுத்தெருவில் நிறுத்துகிறது.

ஆகவே, நம் அனுபவத்தில் தோன்றியவற்றை வரிசையாக வைக்கிறோம்.

1. வீட்டுக்கு ஒரு குறிப்பேடு. யாருக்குத் தர வேண்டும், யாரிடம் வர வேண்டும், கடை வாடகை முன்பணம் எவ்வளவு, சீட்டு எங்கே, நகை அடகு எங்கே, எந்த வங்கியில் என்ன கணக்கு என்று எழுதி வீட்டில் வைக்க வேண்டும். மாதம் ஒரு நாள் புதுப்பித்தால் போதும். கடன் நோட்டில் பட்டப்பெயர் வேண்டாம். பெயர், கதவு எண், செல்போன் எண் மூன்றும் வேண்டும். சரக்குக் கொடுத்த பாக்கிக்குச் சட்டப்படி வழக்குப் போடும் காலம் மூன்று ஆண்டுதான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

2. நாமினியும் காப்பீடும். எல்லா வங்கிக் கணக்குக்கும் நாமினி போடுங்கள். 2015 முதல் வங்கிகள் மூலம் நடக்கும் பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டில், 2022-ல் உயர்த்திய பிறகு ஆண்டுக்கு 436 ரூபாய் கட்டணம். உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். 50 வயதுக்குள் சேர்ந்துவிட வேண்டும். நம் தம்பியின் கல்லாவில் இந்தப் படிவம் பாதி நிரப்பிய நிலையில் கிடைத்தது. அவருக்கு 48 வயதாக இருந்தபோது வங்கியில் வாங்கியது. கையெழுத்து மட்டும் போடவில்லை. அடுத்து, தமிழ்நாடு வணிகர் நல வாரியம். 1989-ல் ஏற்படுத்தியது. உறுப்பினர் இறந்தால் தரும் குடும்ப நல நிதியை 2022-ல் 1 லட்சத்திலிருந்து 3 லட்சமாக உயர்த்தினார்கள். 2025 மே 5 வணிகர் தினத்தன்று அதை 5 லட்சமாக்கும் அறிவிப்பு வந்தது. அறிவிப்பைக் கேட்டுக் கைதட்டியவர்களில் எத்தனை பேர் உறுப்பினர்? நம் தம்பி உறுப்பினர் இல்லை. சேருங்கள் என்று சங்கத்தில் மூன்று முறை அறிவித்தோம். படிவத்தை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போகவில்லை.

3. லைசென்ஸ்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம் அல்லது பதிவு வைத்திருப்பவர் இறந்தால், அது வாரிசுகளுக்காக 90 நாள் செல்லும். அதற்குள் தங்கள் பெயருக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஜிஎஸ்டி பதிவு இறந்தவரோடு முடிந்துவிடும். அதை ரத்து செய்து, வியாபாரத்தைத் தொடரும் வாரிசு தம் பெயரில் பதிய வேண்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். இந்தக் காரியங்களுக்குத் துக்க வீட்டார் அலைய முடியாது. சங்கம் ஓர் ஆளை அனுப்பிச் செய்து கொடுக்க வேண்டும்.

4. உடம்பு. 40 வயது கடந்தவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை இரத்த அழுத்தம், சர்க்கரை, இ.சி.ஜி. பார்த்துக்கொள்ள வேண்டும். நெஞ்சு அழுத்தம், தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் வாயு என்று சொல்லிக்கொண்டு உட்காரக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். 2023 முதல் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு உண்டு. முதல் ஒரு மணி நேரம்தான் உயிர். நம் வார்த்தையில் சொன்னால், சரியான நேரத்தில் இறக்காத சரக்கு வீணாகிவிடும்.

5. அரைநாள் ஓய்வு. 1947-ம் ஆண்டுக் கடைகள் சட்டம் வேலையாளுக்கு வாரம் ஒரு நாள் விடுப்புத் தரச் சொல்கிறது. 2021-ல் வேலையாள் உட்கார இருக்கை தர வேண்டும் என்றும் சேர்த்தார்கள். நல்லது. ஆனால் முதலாளியும் தானே, கூலியாளும் தானே என்று 17 மணி நேரம் நிற்கிற சிறு கடைக்காரருக்கு விடுப்பும் இருக்கையும் தருவது யார்? அவரேதான் தந்துகொள்ள வேண்டும். "மூடினால் வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடும்" என்பது நியாயமான பயம். அதனால்தான் தனியாக ஒருவர் செய்ய முடியாது என்கிறோம். ஒரு தெருவில் இருக்கும் நாலு கடைக்காரர்களும் பேசி, ஞாயிறு பிற்பகல் சேர்ந்து மூடினால் வாடிக்கை எங்கே போகும்? ஏலக்காய் மறந்தவர்கள் ஒரு நாள் ஏலக்காய் இல்லாமல் பாயசம் சாப்பிடட்டும்.

6. மொத்த வியாபாரிகளுக்கு. இது நமக்கு நாமே சொல்லிக்கொள்வது. வாடிக்கைக் கடைக்காரர் இறந்தால் முப்பது நாள்வரை பாக்கி கேட்டு யாரும் வாசல் மிதிக்கக் கூடாது. அதற்குப் பிறகும் தனித்தனியாகப் போகாமல், சங்கத்தில் பில்லை வைத்து, ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும். பில் இல்லாத பாக்கியைப் பாக்கி என்று சொல்லக் கூடாது. கடையைத் தொடர்ந்து நடத்த விரும்பும் குடும்பத்துக்கு, பழைய பாக்கியைக் காரணம் காட்டிப் புதுச் சரக்கை நிறுத்தக் கூடாது. இதைத் தீர்மானமாகவே கொண்டு வர வேண்டும் என்று நம் சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். இதில் தர்மமும் இருக்கிறது, லாபமும் இருக்கிறது. கடை நடந்தால்தான் நம் பாக்கி வரும்.

இன்று அந்தக் கடை நடக்கிறது. காலை 5 மணிக்குப் பதில் 6 மணிக்குத் திறக்கிறது. அந்த அம்மா கல்லாவில் இருக்கிறார். மகள் கல்லூரி விட்டு வந்து நோட்டு எழுதுகிறது. பெயர், கதவு எண், செல்போன் எண் எல்லாம் இருக்கிறது. பட்டப்பெயர் ஒன்றுகூட இல்லை. தவணை மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடுகிறது. ஒரு மாதம் மட்டும் தாமதமானது. முதல் நாளே அந்தப் பிள்ளை பஸ் ஏறி நம் கிட்டங்கிக்கு வந்து, நேரில் சொல்லிவிட்டுப் போனது. யார் சொல்லிக் கொடுத்தது என்று நாம் கேட்கவில்லை.

நாமும் நம் பங்குக்கு ஒன்று செய்தோம். இ.சி.ஜி. எடுத்துக்கொண்டோம். ஒரு குறிப்பேடு வாங்கி, 40 வருடமாக மனதில் வைத்திருந்ததையெல்லாம் மூன்று இரவு உட்கார்ந்து எழுதி, வீட்டில் கொடுத்தோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். "இந்தச் சீட்டைப் பத்தி எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்று ஒரு கேள்வி கேட்டார். பிறகு, "இப்பவாவது தோணுச்சே" என்றார்.

உங்கள் வீட்டிலும் அந்தக் கேள்வி வரும். வந்தால் வரட்டும். நீங்கள் பதில் சொல்ல எதிரில் இருக்கும்போதே வரட்டும். இந்த வாரமே அந்தக் குறிப்பேட்டை வாங்குங்கள் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறோம்.